நாற்பது புள்ளி மூன்று

உசிலம்பட்டி பஸ்ஸில் காலை ஏழு மணிக்கு முன்னால் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். ஒன்றரை வருடம் அப்படித்தான் போனேன். அப்பா தெப்பக்குளத்திலிருந்து ஸ்கூட்டரில் கூட்டிவந்து ஆரப்பாளையத்தில் விடுவார். செக்கானூரணி தாண்டி இறங்கினால் குடோனுக்கு ஐந்து நிமிட நடை. ஒரு மாதத்திலேயே கண்டக்டர் என்னிடம் ஊர்ப்பெயர் கேட்பதை நிறுத்திவிட்டார். பேசாமலே டிக்கெட் வந்துவிடும். எனக்கு அது வசதியாக இருந்தது.

பெயர், படிப்பு, வேலை என்று கேட்டீர்கள். ஸ்ரீலட்சுமி. தந்தை பெயர் சௌந்தரராஜன். எம்.எஸ்ஸி. வேதியியல். குடோன் கட்டும் கம்பெனியின் சைட் லேபில் கெமிஸ்ட். லேப் என்றால் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் ஒரு தராசு, ஒரு தண்ணீர்த் தொட்டி, கான்கிரீட் கட்டையை நசுக்கிப் பார்க்கும் இயந்திரம் ஒன்று, ஒரு கம்ப்யூட்டர்.

உங்கள் மேஜையில் செய்தித்தாளில் சுற்றி வைத்திருக்கும் கான்கிரீட் துண்டைச் சோதனைக்கு அனுப்ப வேண்டியதில்லை, இன்ஸ்பெக்டர் சார். அது என்னவென்று நானே சொல்கிறேன். முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

இந்த ஜனவரி எட்டாம் தேதி அந்தக் குடோனின் மேல்தளம் விழுந்து ஆறு பேர் இறந்தார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகும் அவசரத்தில் மேஸ்திரி சின்னச்சாமி தளத்தைத் தாங்கும் முட்டுகளை முறையில்லாமல் பிரித்துவிட்டார் என்று அப்போது எழுதி முடித்தார்கள். அவரும் இறந்தவர்களில் ஒருவர் என்பதால் மறுத்துப் பேச ஆள் இல்லை. அவர் மகள் தமிழ்ச்செல்வி மட்டும் மறுத்துக்கொண்டே இருந்தாள். அந்தத் துண்டை உங்களிடம் கொண்டுவந்தவள் அவள்தான். அப்பாவின் பெயரில் பழி இருக்கக் கூடாது, அவ்வளவுதான் அவள் கேட்பது. நியாயமான கோரிக்கை.

என்னிடம் கொடுக்கப்பட்ட வேலை ஒரு கணக்கு. ஒரு கட்டடம் தன் ஆயுள் முழுக்க எவ்வளவு கரியமிலவாயுவுக்குக் காரணமாகிறது என்று கண்டுபிடிப்பது. சுண்ணாம்புக்கல்லை வெட்டுவதில் தொடங்கி, சிமென்ட் சூளை, கம்பி, லாரி, ஐம்பது வருடம் எரியும் விளக்கு, கடைசியில் இடித்து அள்ளிப்போவது வரை. வழக்கம்போலக் கட்டினால் எங்கள் குடோன் ஒன்பதாயிரத்து இருநூறு டன் வெளியிடும். அதில் நாற்பது சதவீதம் குறைக்க முடியுமா என்று டென்மார்க் கம்பெனி ஒன்று கேட்டிருந்தது. அவர்கள் இங்கிருந்து வாங்கும் திரைச்சீலைகளும் மேஜை விரிப்புகளும் அந்தக் குடோனில்தான் இருக்கப்போகின்றன. சைட்டில் இருந்த எஞ்சினியர்கள் யாரும் அந்தத் தாள்களைத் தொட விரும்பவில்லை. மேனேஜர் கோகுல்நாத் சார் அதைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்.

"உனக்குத்தாம்மா இதெல்லாம் வரும். நீதான் பேசாம உக்காந்து வேலை பாப்ப."

அந்தக் கணக்குக்கு ஓர் எல்லை உண்டு. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று முதல் பக்கத்திலேயே கோடு போட்டுவிட வேண்டும். கோட்டுக்கு உள்ளே இருப்பதற்கு எண் உண்டு. வெளியே இருப்பதற்கு இல்லை. எனக்கு அந்த வேலை உடனே பிடித்துவிட்டது.

சூளைச் செங்கல்லை விட்டுவிட்டுச் சாம்பல் கல்லுக்கு மாறினோம். மூடிப்போன ஒரு மில்லின் இரும்புத் தூண்களை வாங்கித் துருவைச் சுரண்டி நிறுத்தினோம். பகலில் விளக்கே வேண்டாதபடி கூரையில் வெளிச்சம் விடும் தகடுகள் வைத்தோம். ஒவ்வொன்றுக்கும் எண் இறங்கியது. தீபாவளிக்கு முன்னால் முப்பத்தாறில் வந்து நின்றது. அதற்கு மேல் அசையவில்லை. மிச்சமிருந்தது சிமென்ட்தான்.

ஒரு டன் சிமென்ட் தயாரித்தால் ஏறக்குறைய ஒரு டன் கரியமிலவாயு. அதில் பாதியை எடுத்துவிட்டு அனல்மின் நிலையத்துச் சாம்பலைப் போடலாம். இது நான் கண்டுபிடித்தது இல்லை. உலகம் முழுக்கச் செய்கிறார்கள். அப்படிச் செய்த கான்கிரீட் கடைசியில் சாதாரணக் கான்கிரீட்டைவிட உறுதியாகவே இருக்கும். மெதுவாக இறுகும், அவ்வளவுதான். சாதாரணக் கலவை இருபத்தெட்டு நாளில் எட்டுவதை இது எட்ட ஐம்பத்தாறு நாள் ஆகும். பனிக்காலத்தில் இன்னும் மெதுவாக.

பாதிச் சிமென்ட்டோடு கணக்கைப் போட்டேன். நாற்பது புள்ளி மூன்று வந்தது.

கோகுல்நாத் சார் அந்த எண்ணை மீட்டிங்கில் படித்தார். சென்னையிலிருந்து வந்த நான்கு பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அதில் ஒருவர் என் பெயரை எழுதிக்கொண்டார். எழுத்துக்கூட்டிச் சொல்லும்படி கேட்டார். நான் சொன்னேன்.

ஐம்பத்தாறு நாள் விஷயத்தை நான் மறைக்கவில்லை. என் அறிக்கையின் பதினேழாம் பக்கத்தில் அடிக்குறிப்பாக இருக்கிறது. நீங்கள் பார்க்கலாம். இங்கிலீஷில் இருக்கிறது. கோகுல்நாத் சார் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். முட்டுப் பிரிக்கப்போகிறவர் சின்னச்சாமி அண்ணன். அவருக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும் என்பது எனக்குத் தெரியும்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பது வயது இருக்கும். உசிலம்பட்டிப் பக்கம் சொந்தக் காடு கொஞ்சம் இருந்தது, மழை இல்லாததால் மேஸ்திரி வேலைக்கு வந்தவர். அவர் மனைவி ஒச்சாயி அக்காதான் சித்தாள்களுக்குத் தலைவி. இரண்டு பேரும் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். நான் பேசாமல் இருப்பது அக்காவுக்கு ஒரு வேடிக்கை.

"வாயத் தொறந்தா முத்து உதுந்துரும்னு பயப்படுது இந்தப் புள்ள. உதுந்தா உதுரட்டும் பாப்பா, நாங்க பெறக்கி உங்கிட்டயே குடுத்துருதோம்."

சின்னச்சாமி அண்ணனிடம் ஒரு பழக்கம் இருந்தது. கான்கிரீட் இறுகும்வரை தளத்தைக் கீழிருந்து தாங்கும் சவுக்குக் கட்டைகளையும் இரும்புக் குழாய்களையும்தான் முட்டு என்பார்கள். போட்ட நாளிலிருந்து மூன்று வாரம் கழித்துத்தான் அதைப் பிரிப்பார். பத்து நாளில் பிரிக்கிற மேஸ்திரிகள் உண்டு. இவர் செய்ய மாட்டார். பிரித்த அன்று மதியம் அந்தத் தளத்துக்கு அடியிலேயே இலை போட்டு எல்லோருக்கும் கறிச்சோறு. இவரும் அக்காவும் நடுவில் உட்கார வேண்டும். எந்த ஊர் வேலையானாலும் அப்படித்தான். ஏன் என்று ஒரு நாள் கோகுல்நாத் சார் கேட்டார்.

"நான் போட்ட தளத்துக்கு அடியில நானே உக்கார மாட்டேன்னா, வேற எந்தக் கேனப்பய சார் உக்காருவான்?"

அவர் அவசரப்படும் ஆள் இல்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள். தமிழ்ச்செல்விக்கு உதவும்.

மேல்தளம் மூன்று பகுதியாகப் போட வேண்டியது. முதல் பகுதியை டிசம்பர் பதினெட்டு, வியாழக்கிழமை போட்டார்கள். மார்கழி பிறந்து மூன்றாவது நாள். சின்னச்சாமி அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. கலவையும் பிடிக்கவில்லை. நாலாம் நாள் நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"என்ன பாப்பா இது, சாணி மெழுகுன கணக்கா கெடக்கு? இம்புட்டு நாள்ல கல்லாயிருக்கணுமே."

"மெதுவாத்தாண்ணே இறுகும்."

"எம்புட்டு மெதுவா?"

அப்போது சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தேன் என்றுதான் நினைக்கிறேன். வெளியே கலவை இயந்திரம் ஓட ஆரம்பித்தது. அதற்கு மேல் குரலை உயர்த்த எனக்கு வராது. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

தளம் போடும்போது அதே கலவையில் சிறு கட்டைகள் வார்த்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு வைப்போம். கையகலத்துக்குக் கொஞ்சம் பெரியவை. க்யூப் என்போம். குறிப்பிட்ட நாளில் எடுத்து இயந்திரத்தில் நசுக்கினால் தளம் எவ்வளவு தாங்கும் என்று தெரியும். இந்தத் தளத்தின் க்யூப் கடைசியில் டயலில் இருபத்தைந்தை எட்ட வேண்டும். முட்டுப் பிரிக்க இருபது போதும். ஏழாம் நாள் நசுக்கியதில் ஆறு வந்தது.

கோகுல்நாத் சார் வந்து அதைப் பார்த்தார். அவரும் எங்கள் ஆட்கள்தான். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுபவர். தனியாக இருக்கும்போது என்னிடம் எங்கள் மொழியில்தான் பேசுவார். அன்று தமிழில் பேசினார். அலுவலக விஷயம் என்று அர்த்தம்.

"இருபத்தோராம் நாள் இருபது வரலைன்னா, இந்தப் பகுதிக்கு முட்டு அப்படியே இருக்கட்டும். மிச்சம் ரெண்டு பகுதிக்கும் பழைய கலவையே போட்டுரலாம்மா."

"அப்ப எண் இறங்கிடும் சார்."

"எவ்வளவு?"

நான் ஏற்கனவே போட்டு வைத்திருந்தேன். "முப்பத்தொன்பது புள்ளி ஆறு."

அவர் சிரித்தார். "அவ்வளவுதானே? ரவுண்ட் பண்ணி நாற்பதுன்னு போட்டுக்கலாம். அவன் கேட்டதே சுமாரா நாற்பது."

நீங்கள் ஆச்சரியப்படுவது தெரிகிறது. ஆமாம், யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. கம்பெனி கேட்கவில்லை, மேனேஜர் கேட்கவில்லை, டென்மார்க்காரர்களும் கேட்கவில்லை. கோகுல்நாத் சார் மேல் வழக்குப் போடாதீர்கள். ஆனால் முப்பத்தொன்பது புள்ளி ஆறு என்பது நாற்பது இல்லை. நான் ரவுண்ட் செய்வதில்லை. எம்.எஸ்ஸி.யில் என் கூடப் படித்தவர்கள் எல்லோரும் பரிசோதனை முடிவுகளை ரவுண்ட் செய்வார்கள். விடையைப் பார்த்து அதற்குத் தக்கபடி எழுதுவார்கள். எனக்கு அது அருவருப்பாக இருக்கும்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஆரம்பத்திலேயே ஆறு க்யூப் பழைய கலவையில், முழுச் சிமென்ட் போட்டு வார்த்து வைத்திருந்தேன். நல்ல பழக்கம் அது. எதையும் தனியாக அளக்கக் கூடாது, பக்கத்தில் ஒன்று வேண்டும். அதே தொட்டியில் வேறு குறியோடு கிடந்தன.

ஜனவரி ஏழு, புதன்கிழமை காலையில் தனியாக இருக்கும்போது தளத்தின் உண்மையான க்யூப் ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்த்தேன். பதினொன்றரை. நான் எதிர்பார்த்ததும் அதுதான். சாயந்திரம் நான்கு மணிக்குச் சின்னச்சாமி அண்ணனும் கோகுல்நாத் சாரும் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அண்ணன் பேப்பரை நம்புவதில்லை. கண்முன்னால் உடைய வேண்டும், அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்பார்.

பழைய கலவையில் வார்த்த க்யூப் ஒன்றின் குறியைச் சுரண்டிவிட்டு, தளத்தின் குறியைப் பெயிண்டால் எழுதினேன். பத்து நிமிடம் ஆனது. காய்ந்திருந்தால் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். சாம்பல் கலந்தது கறுப்பு ஓடியிருக்கும், சிமென்ட் மட்டும் போட்டது வெளுப்பாக இருக்கும். தொட்டியிலிருந்து ஈரத்தோடு எடுத்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். ஈரத்தோடு எடுத்தேன்.

அண்ணன் டயலுக்குப் பக்கத்தில் குனிந்து நின்றுகொண்டார். நான் பம்பை அடித்தேன். இருபதைத் தாண்டியதும் கோகுல்நாத் சார் மூச்சை விட்டார். முள் ஏறிக்கொண்டே போய் இருபத்தேழில் நின்றது. க்யூப் வெடித்தது.

"சத்தம் கணீர்னு இருக்கு," என்றார் அண்ணன். "எம்புட்டு பாப்பா?"

"இருபத்தேழு அண்ணே."

"சார் இருவதுதான கேட்டாரு?"

"ஆமாண்ணே."

"அப்ப நாந்தேன் சும்மா பயந்துக்கிட்டுத் திரிஞ்சேன். நகத்துக்கு என்ன தெரியும்?" அவர் கிளம்பவில்லை. இயந்திரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "தாங்கும்ல பாப்பா? நீ படிச்ச புள்ள. நீ சொல்லு."

"தாங்கும் அண்ணே," என்றேன்.

உடைந்த க்யூபில் பாதியைக் கையில் எடுத்து எடை பார்த்தார். ஒவ்வொரு வேலையிலும் ஒரு துண்டை வீட்டுக்கு எடுத்துப்போவாராம். கோழிக்கூண்டு மேல் வரிசையாக அடுக்கி வைத்திருப்பதாகச் சொன்னார். எடுத்துக்கொள்ளவா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. நானே செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தேன். உங்கள் மேஜையில் இருப்பது அதுதான். இடிந்த தளத்தின் துண்டைப் பக்கத்தில் வைத்தால் நிறத்திலேயே தெரிந்துவிடும்.

தளம் விழும் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். இல்லை. அன்று எனக்கு அது தெரியாது. பதினொன்றரை இருந்தால் தளம் தன் எடையைத் தாங்குமா என்று கணக்குப் போட்டேன். ஒன்று புள்ளி ஒன்று வந்தது. ஒன்றுக்கு மேல் வந்தால் நிற்கும். கீழே போனால் நிற்காது. மேலே எதையும் ஏற்றாமல் ஐம்பத்தாறு நாள் ஓட்டிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதே இல்லை.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு முட்டுப் பிரிக்க ஆரம்பித்தார்கள். பதினொன்றரைக்கு முடிந்தது. தளம் நின்றது. நான் லேப் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணக்கு சரி.

பன்னிரண்டு மணிக்கு லிஃப்ட் ஓடும் சத்தம் கேட்டது. சாமான் ஏற்றும் லிஃப்ட்டைப் பார்த்துக்கொண்டவர் பால்பாண்டி. பொங்கல் முடிந்து வந்ததும் மேலே சுவர் எழுப்ப வேண்டும் என்பதால் சாம்பல் கல்லை அன்றே மேலே ஏற்ற ஆரம்பித்திருந்தார். தளத்தின் நடுவில் அடுக்கினார்கள். நான் லோடுகளை எண்ணினேன். ஒரு கல் மூன்று கிலோ. பன்னிரண்டே முக்காலுக்கு அவர் நிறுத்தியபோது மூவாயிரம் கல் மேலே இருந்தது. ஒன்பது டன்.

உட்கார்ந்து மறுபடி கணக்குப் போட்டேன். புள்ளி எட்டு எட்டு.

இரண்டாவது தடவையும் போட்டேன். புள்ளி எட்டு எட்டுதான். அப்போது மணி பன்னிரண்டு ஐம்பத்தைந்து. கீழே இலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒச்சாயி அக்கா லேப் வாசலுக்கு வந்தார். புதுச் சேலை. தலையில் கனகாம்பரம்.

"வா பாப்பா. நீ கறி திங்க மாட்டேன்னு உனக்குன்னு தனியா சாம்பார் வச்சிருக்கு. அந்தச் சட்டியில கரண்டிகூட மாத்திப் போடல."

"இன்னைக்கு வியாழக்கிழமை அக்கா. விரதம்."

"போன வியாழக்கெழம எங்கூட உக்காந்து பஜ்ஜி தின்னவ யாரு, உன் அக்காளா?"

"இந்த வாரத்துலேருந்து ஆரம்பிச்சிருக்கேன்."

"நல்ல மாப்ள கெடைக்கவா?" என்று சிரித்தார். "சரி, அந்த மகராசன் நல்லாருக்கட்டும். வெறும் மோராச்சும் குடிச்சிட்டுப் போ."

அப்புறம் வருகிறேன் என்றேன். அவர் போய் நடுவில், சின்னச்சாமி அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். லேபுக்கும் அவர்களுக்கும் அறுபது அடி இருக்கும். எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்கிறேன். சொல்லியிருந்தால், ஏன் என்று கேட்பார்கள். நேற்று இருபத்தேழு காட்டியதே என்பார்கள். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால்கூட உள்ளேன் என்பது வெளியே கேட்காது. பதினைந்து பேருக்குக் கேட்கும்படி கத்துவது என்னால் முடிகிற காரியம் இல்லை.

அப்போது கோகுல்நாத் சார் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரத்து இலையில் உட்கார்ந்தார்.

கணக்கின் கடைசித் தாள்கள் அவர் கையெழுத்து இல்லாமல் செல்லாது. அன்று மாலை கூரியரில் போக வேண்டும். நான் வாசலில் வந்து நின்று அவரைக் கூப்பிட்டேன். எங்கள் மொழியில் கூப்பிட்டேன். உடனே எழுந்து இங்கே வாருங்கள், சாப்பிட வேண்டாம், வந்துவிடுங்கள் என்று. அங்கே அது புரிகிற ஆள் அவர் ஒருவர்தான்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு சத்தமாக இருந்திருக்க வேண்டும். பால்பாண்டி கை தட்டினார்.

"அடியாத்தி, நம்ம பாப்பாவுக்கு வாயி இருக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். கோகுல்நாத் சார் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார். அவர் லேபுக்குள் வந்து பேனாவைத் திறந்தார். நான்காவது தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது விழுந்தது. மணி ஒன்று இருபது. பெரிய சத்தம் என்று சொல்ல முடியாது. லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி. பிறகு தூசி.

அவர் ஓடினார். நான் முதலில் தொட்டியில் மிச்சமிருந்த பழைய கலவை க்யூப்கள் ஐந்தையும் எடுத்து, பாதைக்குக் கொட்டியிருந்த கல் குவியலில் போட்டேன். பிறகுதான் போனேன். குடத்தில் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். பெரியாஸ்பத்திரிக்கு வேனில் கூடப் போனேன். ஒன்பது வயது தங்கச்சி இருக்கிற ஒரு பையனின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் பிழைத்துவிட்டான்.

இறந்தவர்கள் சின்னச்சாமி, ஒச்சாயி, பால்பாண்டி, கருப்பு, ஆண்டிச்சாமி, முத்துக்கருப்பன். ரிஜிஸ்டரில் இருந்த வரிசை இது.

விசாரணைக்கு வந்தவர்கள் என் டெஸ்ட் ரிப்போர்ட்டைப் பார்த்தார்கள். இருபத்தேழு. மேஸ்திரி சாட்சியாகப் பெருவிரல் ரேகை வைத்திருந்தார். கான்கிரீட் சரியாக இருந்திருக்கிறது, அப்படியானால் முட்டுப் பிரித்த விதத்தில்தான் தப்பு என்று முடிவு செய்தார்கள். நான் எதுவும் சொல்லவில்லை. என்னிடம் கேட்கவும் இல்லை. லேபில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள் என்பது அவர்களுக்கு நினைவில் இருந்ததா என்றுகூட எனக்குச் சந்தேகம்.

கலவையை யாரும் சந்தேகிக்கவில்லை என்பதால் அதே கலவையில் மறுபடி போட்டார்கள். இந்த முறை யாருக்கும் முட்டுகளைத் தொடத் துணிவில்லை. எழுபது நாள் விட்டார்கள். மூன்று பகுதியும் இன்று நன்றாக நிற்கிறது. மேலே நூற்றைம்பது டன் துணி இருக்கிறது.

விழுந்த பகுதியின் கம்பியையும் சிமென்ட்டையும் கணக்கில் சேர்த்திருந்தால் எண் நாற்பதுக்குக் கீழே போயிருக்கும். ஆனால் விபத்துகள் எல்லைக்கு வெளியே என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தேன். எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். இடிபாட்டை உடைத்துப் பாதைக்குப் போடச் சொன்னேன், வீணாகவில்லை. மே மாதம் சான்றிதழ் வந்தது. நாற்பது புள்ளி மூன்று. மூன்றாம் பக்கத்தில் என் பெயர் இருக்கிறது.

இன்னொரு கணக்கும் போட்டேன். ஒரே ஒரு தடவை. நம் நாட்டில் ஓர் ஆள் வருடத்துக்குச் சராசரியாக இரண்டு டன்னுக்குக் காரணமாகிறார். ஆறு பேர், அவரவர் வயது, மீதமிருந்திருக்கக்கூடிய வருடங்கள். முந்நூறு டன்னுக்குக் கொஞ்சம் அதிகமாக வந்தது. நான் அதை எங்கேயும் சேர்க்கவில்லை. சேர்ப்பது முறையாகாது.

தமிழ்ச்செல்வி சென்ற மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். காலேஜில் முதல் வருடம் படிக்கிறாள். அம்மா அவளுக்குக் காபி கொடுத்தார். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே பேசினாள்.

"எங்கப்பா அவசரப்படுற ஆளு இல்லக்கா. மூணு வாரத்துக்கு ஒரு நாள் கொறஞ்சாக்கூடத் தொட மாட்டாரு. முந்தின நாள் வந்து, பாப்பா கல்லு கணக்கா இருக்குன்னு சொல்லிருச்சுன்னாரு. அன்னைக்கு நல்லாத் தூங்குனாரு. நீங்க வந்து அத மட்டும் சொல்லுங்கக்கா. எங்கப்பா கேட்டாரு, நீங்க சொன்னீங்க. அம்புட்டுத்தேன்."

பிறகு பையிலிருந்து இந்தத் துண்டை எடுத்துக் காட்டினாள். அப்பா கடைசியாகக் கொண்டுவந்தது என்றாள். காய்ந்து வெளுத்திருந்தது. பாதையில் கிடந்த இடிபாட்டில் ஒரு துண்டும் எடுத்து வந்திருந்தாள், ஞாபகத்துக்காக. இரண்டையும் எங்கள் டீப்பாய் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அவளே பார்த்துவிட்டாள். இது ஏன்க்கா கறுப்பா இருக்கு, அது ஏன் வெள்ளையா இருக்கு என்று கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால்தான் உங்களிடம் போகச் சொன்னேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். க்யூபை மாற்றியது நான். தாங்கும் என்று சொன்னது நான். கல் ஏறியபோது விழப்போகிறது என்று எனக்குத் தெரியும். இருபத்தைந்து நிமிடம் இருந்தது. ஒருவரை மட்டும் கூப்பிட்டேன். கையெழுத்துக்காகக் கூப்பிட்டேன். சின்னச்சாமி அண்ணன் மேல் எந்தத் தப்பும் இல்லை என்று தமிழ்ச்செல்விக்கு எழுத்தில் கொடுங்கள்.

இன்னும் ஒன்று மட்டும் சேர்க்க வேண்டும். இது யாருக்கும் தெரியாது. பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி அந்தத் தளத்துக்கு ஐம்பத்தாறாவது நாள். சைட்டில் வேலை இல்லை. நான் பஸ் ஏறிப் போய் லேபைத் திறந்தேன். தொட்டியில் அந்தத் தளத்தின் உண்மையான க்யூப் மூன்று மிச்சம் இருந்தன. மூன்றையும் நசுக்கினேன். இருபத்தெட்டு, இருபத்தொன்பது, இருபத்தொன்பதரை. பழைய கலவையைவிட அதிகம். தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன், அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

கான்கிரீட்டில் ஒரு குறையும் இல்லை, சார். அவர்கள் இன்னும் முப்பத்தைந்து நாள் பொறுத்திருக்கலாம்.